என் தங்கையின் வெந்நீரும் லூதரின் ட்ரம்பெட்டும்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பாரிசுக்கோ டோக்கியோவுக்கோ போய்வந்து எழுதுவார்கள். நான் செங்கல்பட்டுக்குப் போய்வந்து எழுதுகிறேன். மகள் வீட்டோடு பிலடெல்பியாவில் தங்கிவிட்ட பிறகு எது உள்ளூர், எது வெளியூர் என்பதில் எனக்கே தெளிவில்லை. கூட வந்தவருக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அவருக்கு இது கலப்படமில்லாத வெளிநாடு. ஆகவே விதிப்படி இது பயணக் கட்டுரைதான்.

போன காரியம் சாதாரணமானது. ஓய்வூதியம் வாங்குகிறவன் ஆண்டுக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். கைப்பேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்பது எனக்கும் தெரியும். அந்த நடைமுறையின் ஒவ்வொரு படியும் தெரியும். ஆனால் வேலைக்காலம் முழுவதும் கருவூலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிரே நிற்கும் கிழவர்கள் உண்மையிலேயே உயிரோடுதான் இருக்கிறார்களா என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தவன் நான். என்னையும் யாராவது அப்படிப் பார்க்கட்டுமே என்று நேரில் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இந்த முறை கூட வந்தவர் லூதர் கிரேடி. எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்துக்காரர், எண்பதை நெருங்குகிற கறுப்பின அமெரிக்கர், ட்ரம்பெட் கலைஞர். அவரை நான் சந்தித்தது ஒரு புகாரோடு. அடித்தளத்தில் துணி துவைக்கும் அறையிலிருந்து, யானைக்குட்டி ஒன்று தண்ணீர்க் குழாய்க்குள் மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம் தினமும் மாலையில் வந்துகொண்டிருந்தது. குடியிருப்போர் விதிகளின் நகலோடு இறங்கிப் போனேன். அவர் ட்ரம்பெட்டைச் சலவை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி. கிழமை, நேரம், கையொப்பம், முத்திரை எல்லாம் இருந்தன. அமெரிக்காவில் நான் மனதார மதித்த முதல் மனிதர் அவர்தான்.

பேசப் பேச இன்னொன்றும் தெரிந்தது. அவரும் அரசாங்க ஓய்வூதியர். இருபது ஆண்டுகளுக்கு மேல் நியூயார்க் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்திருக்கிறார். ஓஹியோவில் இரும்பாலைத் தொழிலாளியின் பிள்ளை. தேவாலயத்தில் ஊதக் கற்றவர். ராணுவ பேண்டோடு ஜெர்மனி போய், திரும்பி வந்து நியூயார்க்கில் ஃப்ரீ ஜாஸ்காரர்களோடு சேர்ந்துவிட்டார். அந்த இசையில் எழுதி வைத்த மெட்டு இல்லை. முன்னாலேயே பேசி வைத்த தாளம் இல்லை. யார் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற ஏற்பாடும் இல்லை. காலிக் கிடங்குகளில் நாற்காலி போட்டு ஊதுவார்களாம். கேட்க வந்தவர்களைவிட ஊத வந்தவர்கள் அதிகமாக இருந்த நாட்களும் உண்டாம். சில இசைத்தட்டுகள் வந்தன. பெல்ஜியத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். சொந்தத் தெருவில் அவரைத் தபால்காரர் என்றுதான் தெரியும்.

"விதியே இல்லாமல் ஒரு வேலையை எப்படி ஐம்பது வருடம் செய்தீர்கள்?" என்று கேட்டேன். உண்மையிலேயே மனம் தாங்காமல் கேட்டேன்.

"ஒரு விதி உண்டு ரகு. பக்கத்தில் இருப்பவனைக் கேட்கணும். மற்ற விதிகளையெல்லாம் தபால் ஆபீசில் வைத்துக்கொண்டேன்" என்றார்.

ட்ரம்பெட்டை உதட்டால் ஊதுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உதட்டுக்குப் பின்னால் ஒரு சுவர் வேண்டுமாம். பல்தான் அந்தச் சுவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மேல்வரிசைப் பற்கள் முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. பல்செட் பொருத்திக்கொண்டு, குழந்தை நடை பழகுவது போல ஒவ்வொரு சுரமாக முதலிலிருந்து தொடங்கினார். மனைவி டோரிஸ் சமையலறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டே கேட்பார். சுரம் சரியாக விழுந்தால் தலை நிமிராமல் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். முழுதாக ஒன்றை ஊதிக் காட்டுவதற்குள் டோரிஸ் போய்விட்டார். அதற்குப் பிறகு சலவை அறைதான் அவருக்கு மேடை. மனிதர்கள் முன்னால் நின்று ஊதியதில்லை.

அப்படி இருந்தவருக்கு மாமல்லபுரத்திலிருந்து அழைப்பு வந்தது. தேவகி என்று ஒரு சிற்பி, கடற்கரையை ஒட்டிய தன் சவுக்குத் தோப்பில் சிறிய கச்சேரிகள் நடத்துகிறார். அமெரிக்காவில் படித்த காலத்தில் லூதரின் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டவர். லூதர் வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டு, அதன் பிறகு பயந்துபோய் என் கதவைத் தட்டினார்.

"ரகு, இந்த இடம் உன் ஊருக்குப் பக்கமா?"

"என் உயிரைச் சரிபார்க்கிற ஆபீசுக்குப் பக்கம்" என்றேன்.

கிளம்புவதற்கு முன் என் தங்கை வசந்தாவுக்குத் தொலைபேசியில் ஒரு சுற்றறிக்கை விட்டேன். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். செங்கல்பட்டில் தனியாக இருக்கிறாள். உத்தரவு என்றால் உத்தரவு. "வெளிநாட்டுக்காரர், வயசானவர். அவர் வாயில் படுகிற எதுவும் கொதிக்காமல் படக்கூடாது" என்றேன். அந்த வாசகத்தை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

விமான நிலையத்துக்கு எதிரிலேயே மின்சார ரயில் கிடைக்கும் என்று தெரிந்ததும் லூதர் கார் வேண்டாம் என்றுவிட்டார். கூட்டத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது ஒரு அதிசயம். ட்ரம்பெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிரே பூக்கூடையோடு ஒரு அம்மாள். லூதரையே பார்த்துக்கொண்டு வந்தவர், சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"யண்ணா, நீ படாளத்து ஆளுதான? எங்க ஓர்ப்படி கண்ணாலத்துல பாத்தாப்புல கீது."

லூதர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"இல்லை என்று சொல்லாதே" என்றார். "உலகத்தில் பல நாடு போயிருக்கிறேன் ரகு. யாரும் என்னைச் சொந்த ஊர்க்காரன் என்று சொன்னதில்லை. என் நாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

அந்த அம்மாளிடம், படாளம்தான், ஆனால் ரொம்ப நாளாக வெளியே இருக்கிறார் என்றேன். "அதான பாத்தேன்" என்றார் அவர். பக்கத்தில் நின்ற இளைஞன் நண்பனிடம், "பெட்டில இன்னாடா மச்சான், மிஷின் கன்னா?" என்றான். "தூ, கேரம் போர்டு காயினுடா" என்றான் மற்றவன். கொளவாய் ஏரி ஜன்னலை நிறைத்தபோது லூதர் முகத்தை ஜன்னல் கம்பியோடு சேர்த்து வைத்துக்கொண்டார். ஓஹியோவில் இப்படியொரு ஏரிக்கரையில் ரயில் போகுமாம். அங்கே ஏரிக்கரையில் யாரும் எருமை குளிப்பாட்டுவதில்லை என்பதுதான் வித்தியாசமாம்.

வசந்தா வாசலிலேயே காத்திருந்தாள். லூதர் கைகுலுக்கக் கையை நீட்ட, அவள் கும்பிட, பிறகு அவர் கும்பிட, அவள் கையை நீட்ட, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். வீட்டில் ஒரு நீராவி எஞ்சின் நின்றது போல எல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர், டம்ளர், கரண்டி, வாழைப்பழம் வைக்கிற தட்டு. பழத்தைக் கொதிக்க வைக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

சாப்பாட்டில் லூதருக்குக் கஷ்டமே இருக்கவில்லை. இட்லியைக் கண்டதும் உருகிவிட்டார். பிலடெல்பியாவில் பல்செட்காரன் ஆப்பிளைப் பார்த்து ஏங்க வேண்டியதுதான். இங்கே இட்லி, இடியாப்பம், தயிர்சாதம், பொங்கல் என்று ஒரு நாகரிகமே பல்லில்லாதவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்றார். வசந்தா அதைக் கேட்டுவிட்டு, "பாவம், அங்க அவருக்கு யாரும் சமைச்சுப் போடறதில்லையா அண்ணா?" என்றாள். டோரிஸைப் பற்றிச் சொன்னேன். இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

மறுநாள் கருவூலம். லூதரும் வந்தார். மேசைக்குப் பின்னால் ஒரு இளம்பெண். "சார், உங்களுக்கு எதுக்கு சார் இந்த வெயில்ல? போன்லயே முடிச்சிருக்கலாமே" என்றாள். நான் வேலை பழக்கிய ஒருவரிடம் வேலை பழகியவள். "பாத்துக்கோம்மா, உயிரோடதான் இருக்கேன்" என்றேன். அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கவில்லை. கணினியைத்தான் பார்த்தாள். அதில் எனக்குச் சிறிய வருத்தம்.

வெளியே வந்ததும் லூதர், "உள்ளே என்ன செய்தாய்?" என்று கேட்டார்.

"எதிரே போய் நின்றேன். அவ்வளவுதான்."

"அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை" என்றார். சனிக்கிழமைக் கச்சேரியை நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்பது புரிந்தது. அன்று மாலை மொட்டை மாடியில் ஊதிப் பழகினார். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றுகூடப் பறந்து போகவில்லை. நல்ல சகுனம் என்றாள் வசந்தா.

வெள்ளிக்கிழமை காலை நான் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து வசந்தா கூப்பிட்டாள். தாழ்ந்த குரல். அவள் கணவர் இறந்த அன்று தொலைபேசியில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன்.

"அண்ணா, இங்க வாயேன்."

அடுப்பில் ஒரு பாத்திரம். உள்ளே கரண்டிகள், டம்ளர், நடுவில் லூதரின் பல்செட். இரவில் படுக்கும்போது கழற்றி, டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருக்கிறார். விடியற்காலையில் எழுந்த வசந்தா அந்தத் தண்ணீர் பச்சைத் தண்ணீர் என்பதைக் கவனித்துவிட்டாள். பல்செட் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று. கொதிநீரில் போட்டால் வளையும். வளைந்துவிட்டது. வெயிலில் வைத்த அப்பளம் போல ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"நீதானே அண்ணா சொன்னே, அவர் வாயில படற எதுவும் கொதிக்காம படக்கூடாதுன்னு?"

நான்தான் சொன்னேன். அரசுப் பணியில் எத்தனையோ சுற்றறிக்கை எழுதியிருக்கிறேன். எதையும் யாரும் இவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றியதில்லை.

லூதர் வந்து பார்த்தார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வாயில் வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. வசந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பொக்கை வாயோடு சிரிக்க முயன்றார். "உள்ளதிலேயே சுத்தமான பல் இதுதான் என்று சொல்" என்றார். நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஆறுதல்படுத்த நினைத்து, இரண்டு பேரும் தோற்றுப்போய் நின்றார்கள்.

பல் டாக்டர் ஓர் இளம்பெண். பொறுமையாகப் பார்த்தார்.

"வளைஞ்சதை நிமிர்த்த முடியாது சார். உள்பக்கம் மெத்தை மாதிரி ஒண்ணு வெச்சுத் தரேன். பேசலாம், இட்லி சாப்பிடலாம். ஊதினா முதல் மூச்சுலயே கழண்டு வந்துடும்."

"புதுசு?"

"அளவு எடுக்கணும், மெழுகுல வெச்சுப் பாக்கணும், அப்புறம்தான் பண்ணணும். குறைஞ்சது ஒரு வாரம்."

இடையில் எந்தப் படியைத் தாண்டலாம், யாரிடம் பேசினால் முந்தும் என்று விசாரித்தேன். எந்த அலுவலகத்திலும் எனக்கு ஒரு வழி கிடைத்துவிடும். மெழுகு மட்டும் யார் சொன்னாலும் அதன் நேரத்தில்தான் இறுகும் போலிருக்கிறது. மெத்தையை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

அன்று மாலை லூதர் மாடிக்குப் போகவில்லை. காக்கைகள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயின. கூடத்தில் பெட்டியை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "தேவகியிடம் முடியாது என்று சொல்லிவிடு ரகு" என்றார். பிறகு, "இனி மறுபடி ஒரு அழைப்பு வரப்போவதில்லை. பரவாயில்லை. தபால் பிரித்த கைக்குத் தெரியும், சில கடிதம் திரும்பித்தான் போகும்" என்றார்.

ரத்து செய்யும் நடைமுறையும் எனக்குத் தெரியும். தொலைபேசியில் சொல்லக்கூடாது. நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வாடகைக் காரில் கிளம்பினோம். வசந்தாவும் ஏறிக்கொண்டாள். "தப்பு பண்ணினவ நான். அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் சொல்லணும்" என்றாள். மடியில் ஃபிளாஸ்க்கில் கஞ்சி. லூதர் ட்ரம்பெட் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

திருக்கழுக்குன்றம் தாண்டி வழியில் நுங்கு வாங்கிக் கொடுத்தேன். கொதிக்க வைக்கவில்லை. லூதர் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கடலை யாரோ சிறிய பைகளில் போட்டு விற்பது போல இருக்கிறது, உப்பைத்தான் மறந்துவிட்டார்கள் என்றார். அந்த மனிதரின் மனசு கனத்தால் நகைச்சுவை அதிகமாகும் என்பதை நான் கற்றிருந்தேன்.

கொஞ்ச தூரத்தில் கார் நின்றுவிட்டது. முன்னால் சவ ஊர்வலம். பூமாலை போட்ட வண்டி, அதற்கு முன்னால் வெள்ளைச் சீருடையில் ஒரு பேண்டு செட்.

"இது போற வரிக்கும் நம்மளும் போவணும் சார், வேற ரூட் கெடையாது" என்றார் ஓட்டுநர்.

லூதர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். ஊர்வலத்தின் ஓரமாக, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். ஒரு பழைய சினிமாப் பாட்டைத் தூக்கம் வருகிற வேகத்தில் ஊதிக்கொண்டு போனார்கள். சாலை திரும்புகிற இடத்தில் வண்டி நின்றது. பேண்டுக்காரர்கள் புளியமரத்து நிழலில் ஒதுங்கினார்கள். ட்ரம்பெட் வைத்திருந்தவர் நாற்பது வயதுக்காரர். லூதரின் கண் எங்கே போகிறது என்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், உங்காளு ஊதுவாரா?"

"ஊதுவார். அமெரிக்காவுல பெரிய கலைஞர். இன்னிக்குக் கச்சேரி இருந்தது. முடியாமப் போச்சு. பல்செட் வெந்துபோச்சு."

"இன்னாது? வெந்துபூச்சா?"

காரிலிருந்து இறங்கி வந்துவிட்ட வசந்தா பின்னாலிருந்து சொன்னாள்: "நான்தான்பா கொதிக்க வெச்சுட்டேன்."

பெரிய டிரம் வைத்திருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனார். முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது. சாவு வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிரிக்காதடா, சாவு வூடு" என்று அதட்டிவிட்டு, ட்ரம்பெட்காரர் என்னிடம் திரும்பினார். அவர் பெயர் எபினேசர். வாரநாளில் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். "யம்மா, நீ இன்னாத்துக்கு இதுக்குப் போயி கண்ணு கலங்குற? எங்க நைனா பல்லே இல்லாம ஊதனாரு. பல்செட்டு கட்டச் சொன்னா கட்ட மாட்டேன்னுட்டாரு."

லூதருக்குச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "நன்றாக ஊதினாரா என்று கேள்" என்றார்.

"நல்லாவா?" என்றார் எபினேசர். "அவரு எடுத்தா தெருவுல பட்த்துக்கினு கீற நாயெல்லாம் எய்ந்து பூடும். ஆனா ஊதனாரு. கடசி வரிக்கும் ஊதிக்கினுதான் இர்ந்தாரு."

"பாட்டை எங்கே முடிப்பார் என்று கேள்" என்றார் லூதர்.

"அவருக்கு மூச்சு எங்க நிக்குதோ அங்க நாங்க புட்ச்சிக்குவோம். எங்க நிக்கும்னு அவருக்கே தெரியாது. காது குட்த்துக்கினே இர்க்கணும்."

இதையும் சொன்னேன். லூதர் சிரிக்க ஆரம்பித்தார். நாய்களுக்காகச் சிரிக்கிறார் என்று எபினேசரும் சேர்ந்து சிரித்தார். லூதர் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். "நியூயார்க்கில் இதைச் செய்வதற்கு எங்களுக்கு ஒரு பெயர் வைத்து, ஐம்பது பேர்கூட வராமல் பார்த்துக்கொண்டார்கள்" என்றார்.

பிறகு எபினேசரை நேராகப் பார்த்து, மாலையில் என்ன வேலை என்று கேட்கச் சொன்னார்.

"இது முட்ச்சிட்டா சும்மாதான் கீறோம். இன்னா பாட்டு சார்?"

"பாட்டு இல்லையாம். அவர் ஊதுவதைக் கேட்டுக்கிட்டு ஊதணுமாம்."

"அவ்ளோதானா?" எபினேசர் டிரம்காரரைப் பார்த்தார். "டேய் தாசு, ஈஸிதான்டா. நைனாகூட ஊதனாப்ல." பிறகு என்னிடம், "சாரு பேரு இன்னா?"

"லூதர்."

"அட, நம்ம சபைதான்!" என்றார். திருத்த எனக்கு மனம் வரவில்லை. படாளத்துக்காரர் என்பதோடு இதுவும் இருக்கட்டும்.

தேவகியின் தோப்புக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. ரத்து பற்றி யாரும் பேசவில்லை. பாய்களில் உட்கார்ந்திருந்தவர்களில் படூர், கேளம்பாக்கம் பக்கத்து இளைஞர்கள், வெள்ளைக்காரர்கள் சிலர், அணுபுரத்திலிருந்து கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. சவுக்கு மரங்களுக்கு அப்பால் கடல். தேவகி ஒலிபெருக்கியைச் சரிசெய்தபடி, "சார், எத்தனை நேரம் வாசிப்பார்?" என்று என்னைக் கேட்டார். அவருக்கே தெரியாது என்றேன். நாற்பது வருட அனுபவத்தில் நான் கொடுத்த முதல் தெளிவில்லாத பதில்.

எபினேசரும் தாசும் சவ ஊர்வலத்துச் சீருடையோடு பைக்கில் வந்து சேர்ந்தார்கள். டிரம்மைத் தாசு முதுகில் கட்டியிருந்தார். ஓரமாக நின்றுகொண்டார்கள்.

லூதர் மேடைக்குப் போகும் முன் வசந்தாவின் பாய்க்கு வந்தார். கைக்குட்டையை விரித்து, வாயிலிருந்து அந்த வளைந்த பல்செட்டை எடுத்து, மடித்து, அவள் கையில் வைத்தார்.

"வைத்திருக்கச் சொல்" என்றார். "இந்த ஊரில் இதை நம்பிக் கொடுக்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?"

நான் மொழிபெயர்த்தேன். வசந்தா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

முதலில் வந்தது சுரம் அல்ல, காற்று. குழாய் வழியாக வெறும் மூச்சு. கடலின் சத்தமா அவருடைய சத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு சுரம் எழுந்தது. தடித்த, ஈரமான, மரத்தாலான சுரம். உடைந்தது. மறுபடி எழுந்தது. பின்வரிசையில் ஒரு பையன் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தான். லூதரின் உதடு உள்ளே மடிந்துபோவது எனக்குத் தெரிந்தது. அவருக்கு முட்டுக்கொடுக்கச் சுவர் இல்லை. அடுத்ததைப் பிடிக்கப் போனார். பிடிக்கவில்லை. வெறும் எச்சில் சத்தம். நின்றுவிட்டார்.

வசந்தா கைக்குட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

அப்போது அவர் விட்ட அந்த இடத்தில், அதே சுரத்தில், ஓரத்திலிருந்து எபினேசர் பிடித்தார். அழகாக ஒன்றும் ஊதவில்லை. லூதரின் சுரத்தைப் போலவே தடித்து, கொஞ்சம் கோணலாகவே ஊதினார். ஊதிக்கொண்டே அவரைப் பார்த்தார். தாசு உள்ளங்கையால் டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார். லூதர் திரும்பிப் பார்த்தார். மூச்சு வாங்கினார். எபினேசர் விடுவதற்காகக் காத்திருந்து, விட்டதும் எடுத்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு முறையாக எழுதத் தெரியவில்லை. ஒருவருக்கு மூச்சு நின்ற இடத்தில் மற்றவர் இருந்தார். இடையில் பாட்டு மாதிரி ஏதோ வரும், பிறகு போய்விடும். ஒரு கட்டத்தில் மூன்று பேருமே நிறுத்திவிட, கடல் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. அதுவும் கச்சேரியில் சேர்த்திதான் என்று தோன்றியது. கைப்பேசிப் பையன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தான். அணுபுரத்துக் குழந்தை தூங்கிவிட்டது. முடிந்தது என்பதை எப்படியோ எல்லோரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டோம். தெருநாய் ஒன்று மேடைக்குக் கீழே படுத்திருந்தது. எழுந்து போகவில்லை. எபினேசர் அதை லூதருக்குச் சுட்டிக் காட்டினார். இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வீடு திரும்பும்போது காரில் லூதர் ஃபிளாஸ்க் கஞ்சியைக் குடித்துக்கொண்டு வந்தார். "டோரிஸ் இருந்திருந்தால் இரண்டு தடவை விரல் உயர்த்தியிருப்பாள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூன்றாக இருக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை சமையலறைக்குப் போனேன். அடுப்பு பற்ற வைக்கவில்லை. மேடைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் பாரத்துக்கு அம்மிக் குழவி. பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு வசந்தா காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்தாளோ தெரியாது. லூதர் வந்ததும் குழவியை இறக்கி, தட்டை எடுத்து, டம்ளரை நீட்டினாள்.

"பச்சைத் தண்ணி சார்" என்றாள்.

நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். பல்செட்டை எடுத்துப் பொருத்திக்கொண்டார். பிறகு, தாகமாக இருக்கிறது என்று குழாயைக் காட்டினார். வசந்தா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். இன்னொரு டம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். முழுவதையும் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. என் சுற்றறிக்கை அன்றோடு ரத்தாயிற்று.